வீட்ல இல்லைன்னு சொன்னேன்

பாப்பா, இந்த போன்ல சத்தம் வராம பண்ணத் தெரியுமா உனக்கு? அணைக்க வேணாம். அணைச்சா பயந்துருவா. சத்தம் மட்டும் வரக் கூடாது. ஆங், அவ்ளோதான். எம் பொண்ணுதான் கூப்பிடுறா. திருச்சியில பஸ்ஸு ஏறுனதுலேருந்து பத்து தடவைக்கு மேல ஆச்சு. எடுத்தா, திரும்பி வா, கையெழுத்துப் போடுன்னுவா. இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள நான் ஒரு பேப்பர்ல கையெழுத்துப் போட்டாகணுமாம். அஞ்சு தாண்டட்டும், நானே பேசிக்கிறேன்.

நீ எது வரைக்கும்? தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆச்சு. நான் திருச்செந்தூர். அங்கப்பிரதட்சணம் பண்ணப் போறேன். ஆமா, உருளத்தான். இந்த முட்டிய வச்சுக்கிட்டு எப்படின்னு பாக்குறியா? உருளுறதுக்கு முட்டி எதுக்கு? எந்திரிக்கிறப்பதான் வேணும். அப்ப யாராச்சும் கை குடுப்பாங்க. எம் பொண்ணுக்காகன்னா நான் என்ன வேணா செய்வேன் பாப்பா. என்ன வேணா.

எம் பொண்ணு பேரு தமயந்தி. நானூறு மீட்டர் ஹர்டில்ஸ். பேப்பர்ல பாத்திருப்ப. பேப்பர் படிக்கிறதில்லையா? அதுவும் நல்லதுதான். இப்பல்லாம் அவளப் பத்தி நல்லதாவா போடுறாங்க.

ஹர்டில்ஸ்னா பத்துத் தடை இருக்கும். ஒரு தடையத் தாண்டி எறங்குனதுலேருந்து அடுத்த தடைக்குள்ள எண்ணிப் பதினஞ்சு எட்டு வைக்கணும். கூடக் கூடாது, கொறையக் கூடாது. ஏழாவது தடைக்கு மேல காலு சோந்து போயி பதினாறாகும், பதினேழாகும். அப்பதான் கால் மாறித் தடுமாறும். நான் கேலரில உக்காந்து எண்ணிக்கிட்டே இருப்பேன். பக்கத்துல இருக்குறவங்க ஏதோ மந்திரம் சொல்றேன்னு நெனச்சுக்குவாங்க. ரெஜினால்ட் சார், அவளோட கோச்சு, அவரே கேப்பாரு, "அம்மா, எட்டாவதுல எத்தன?"ன்னு. நான் சொல்லுறதும் அவரு வீடியோவுல பாக்குறதும் சரியா இருக்கும். எட்டாவது வரைக்கும்தான் படிச்சேன். அவ ஓடுறத மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

அவளுக்கு ஒரு நாளுன்னா என்னன்னு நெனைக்குற? நாலரைக்கு எழுப்பிடுவேன். எந்திரிச்சதும் எடை மெஷின்ல ஏறி நிக்கணும். ஊற வச்ச பாதாம், ஒரு வாழப்பழம். அப்புறம் தரையில துணிய விரிச்சு, தொடைய, இடுப்ப நீட்டுவா, மடக்குவா. ஆறு மணிக்கு வண்டிய எடுத்தா ஸ்டேடியம். உடம்பு சூடாகவே ஒரு மணி நேரம் ஆகும், அதுக்கப்புறம்தான் வேலையே. செவ்வாக்கிழமையானா முந்நூறு மீட்டர், மூணு தடவ, உயிர விட்டு ஓடணும். மூணாவது முடிஞ்சதும் ட்ராக்கு ஓரமா மண்டி போட்டு வாந்தி எடுப்பா. மொத தடவ பாத்தப்ப நான் அழுதுட்டேன். ரெஜினால்ட் சாரு, "வாந்தி வரலைன்னாதான் நீங்க அழணும்"னாரு. அதுலேருந்து செவ்வாக்கிழமை வீட்டுக்கு வந்ததும், வாந்தி வந்துச்சான்னுதான் கேப்பேன். வந்துச்சும்மான்னா எனக்கு நிம்மதி. என்ன பொழப்பு பாரு.

பத்து மணிக்கு வந்ததும் ஆறு முட்டை வெள்ளக்கரு, கேப்பக் களி. வாசல்ல நீல ட்ரம்மு ஒண்ணு வச்சிருக்கோம். மீன் மார்க்கெட்லேருந்து ஐஸ் கட்டி வரும், நான் உலக்கையால ஒடச்சு அதுல கொட்டுவேன். இடுப்பு வரைக்கும் பன்னெண்டு நிமிஷம் நிக்கணும். பல்லு தந்தியடிக்கும். "அம்மா, எம்மேல மீன் கவிச்சி அடிக்குதும்மா"ன்னு சிணுங்குவா. ரயில்வேல விளையாட்டுக் கோட்டாவுல வேல. பக்கத்து சீட்டுக்காரங்க மூக்கப் பொத்துறாங்களாம். அடிச்சா அடிக்கட்டும், எம் பொண்ணு ஓடுறாளே, அவங்க ஓடுறாங்களா? சாயங்காலம் ஜிம்மு. எட்டரைக்குப் படுக்கை. போனு ரூமுக்குள்ள போகக் கூடாது, அடுப்படியிலதான் சார்ஜு. அது நான் போட்ட சட்டம்.

மாத்திர, மருந்துன்னு பேச்சே எடுக்கக் கூடாது. சளி பிடிச்சாக்கூட ரெஜினால்ட் சார்கிட்ட கேட்டுட்டுத்தான் ஒரு டானிக்கு. எந்த மருந்துல எது கலந்திருக்கும்னு தெரியாதாம்.

பத்து வருஷமா இதேதான் பாப்பா. ஞாயித்துக்கிழமை மட்டும் தூங்குவா. காதுல பஞ்ச வச்சுக்கிட்டு எட்டு மணி வரைக்கும் அசைய மாட்டா. தூக்கமும் ட்ரெயினிங்தான்னு ரெஜினால்ட் சார் சொல்லுவாரு. அந்தத் தூக்கத்துக்கு நாந்தான் காவல். ஏன்னா ஊருல உள்ளவன் எல்லாம் ஞாயித்துக்கிழமைதான் வருவான். ஆண்டு விழாவுக்குக் கூப்பிட ஒருத்தன், சேந்து போட்டோ எடுக்க ஒருத்தன், ஜாதகம் கேட்டு ஒரு அம்மா. எல்லாருக்கும் ஒரே பதிலு, "வீட்ல இல்லைங்க, வெளியூரு போயிருக்கா." உள்ள அவ கொறட்ட விட்டுக்கிட்டு இருப்பா, வாசல்ல நான் அவள பெங்களூருக்கு அனுப்பிக்கிட்டு இருப்பேன். வாய் பழகிப் போச்சு.

அந்தப் பழக்கம்தான். வேற ஒண்ணும் இல்ல. எல்லாரும் என்னமோ நான் வேணும்னே பண்ண மாதிரி பேசுறாங்க.

இரு, வெவரமாச் சொல்றேன். இந்த மாதிரி பெரிய ஆட்டக்காரங்களுக்கு ஒரு ரூலு இருக்கு. தெனம் ஒரு மணி நேரம், நான் இந்த எடத்துலதான் இருப்பேன்னு முன்கூட்டியே போன்ல எழுதி வைக்கணும். அந்த நேரத்துல டெஸ்ட் எடுக்குறவங்க சொல்லாம கொள்ளாம வருவாங்க. ரத்தம் எடுப்பாங்க, ஒண்ணுக்கு எடுப்பாங்க. அதுவும் எப்படின்னா, ஒரு பொம்பளை கூடவே உள்ள போயி, இவ போறத நின்னு பாக்கணும். எனக்கு அருவருப்பா இருக்கும். அவளுக்குப் பழகிருச்சு. அவ எழுதி வச்ச நேரம் காலைல அஞ்சுலேருந்து ஆறு. வீட்டுல. பன்னெண்டு மாசத்துக்குள்ள மூணு தடவ அவங்க வந்து இவ இல்லைன்னா, ரெண்டு வருஷம் ஓடக் கூடாது. தப்பு மருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவே வேணாம். வீட்ல இல்ல, அது போதும்.

மொத தடவ ஜனவரியில போச்சு. எங்க அண்ணன் மக வளைகாப்பு, புதுக்கோட்டையில. நைட்டு தங்கிட்டுப் போலாம்டின்னு நாந்தான் சொன்னேன், பத்து வருஷமா எந்த விசேஷத்துக்கும் போகாத புள்ள. அவ போன்ல எடத்த மாத்த மறந்துட்டா. ரெண்டாவது ஏப்ரல்ல. போட்டி முடிஞ்சு வர்றப்ப ட்ரெய்ன் நாலு மணி நேரம் லேட்டு. விழுப்புரத்துல நிக்கிறேன் சார்னு போன்ல கெஞ்சுனா. ரூலுன்னா ரூலுதானாம்.

அதுக்கப்புறம் அவ தெனம் சொல்லுவா. "அம்மா, இன்னும் ஒண்ணுதான் இருக்கு. பெல்லு அடிச்சா யாரு என்னன்னு பாரு. அவங்கன்னா என்னை எழுப்பிரு." தெனம் சொல்லுவா. ஜூன் மாசம், ஆசியப் போட்டிக்கு ஆளு எடுக்குறதுக்கு மூணு வாரம் இருக்கு. அப்ப அவ ஓடுறத நீ பாத்திருக்கணும், பத்தாவது தடை வரைக்கும் பதினஞ்சு, பதினஞ்சு, பதினஞ்சு. ரெஜினால்ட் சாரே வாட்ச்ச ரெண்டு தடவ பாத்தாரு.

அந்த ஞாயித்துக்கிழமை அஞ்சேகாலுக்கு வந்தாங்க. நான் அப்பதான் கோலம் போட்டு முடிச்சேன். ஒரு பொம்பளை, ஒரு ஆளு. தமயந்தி இருக்காங்களான்னாங்க. வீட்ல இல்லைன்னு சொன்னேன்.

இவங்கதான் டெஸ்டுக்காரங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? ம்? கார்டு காட்டுனாங்கதான். கழுத்துல தொங்கிச்சு. அந்தப் பொம்பளை மார்ச் மாசமும் வந்துருக்காதான், அன்னைக்கு எங்கிட்ட இட்லிகூட சாப்பிட்டா. இருந்தாலும் காலைல அரை இருட்டுல யாருக்கு மொகம் தெரியுது?

எங்க போயிருக்காங்கன்னு கேட்டாங்க. தெரியலைங்கன்னேன். அவங்க போகல பாப்பா. ஆறு மணி வரைக்கும் இருக்கணுமாம். எதுத்தாப்புல திட்டுல உக்காந்துட்டாங்க. கொசு வேற. பாவமா இருந்துச்சு. ரெண்டு டம்ளர் காபி போட்டுக் குடுத்தேன். அஞ்சு அம்பத்தஞ்சுக்கு அவ போனு அடுப்படியில கெடந்து துடிச்சுது. பேரு வரல, வெறும் நம்பரு. ஜன்னல் வழியா பாக்குறேன், அந்தப் பொம்பளை காதுல போன வச்சுக்கிட்டு நம்ம வாசலப் பாத்துக்கிட்டு நிக்கிறா. நான் போனு மேல ஒரு துணியப் போட்டேன். ஆறடிச்சதும் டம்ளர கழுவி வச்சுட்டுப் போனாங்க. நல்ல மனுஷங்கதான்.

எட்டு மணிக்கு எந்திரிச்சா. நல்லாத் தூங்குனேம்மான்னா.

பத்து நாளுல லெட்டர் வந்துச்சு. "அம்மா, அன்னைக்கு யாராச்சும் வந்தாங்களா?"ன்னு கேட்டா. யாருமே வரலியேன்னேன். சாமி படத்துக்கு முன்னாடி நிக்க வச்சுக் கேட்டா. வரலைன்னா வரலடின்னேன். அவ அத நம்பி, யாரும் வரல, நீங்க வேற வீட்டுக்குப் போயிருப்பீங்கன்னு டெல்லிக்கு எழுதிட்டா. ரெஜினால்ட் சாரும் சாட்சி எழுதிக் குடுத்தாரு. அவங்க பதிலுக்கு ஒரு போட்டோ அனுப்புனாங்க. எங்க வீட்டு வாசலு. எட்டுப் புள்ளி தாமரைக் கோலம், நான் போட்டது. ஓரமா திட்டுல எங்க வீட்டு டம்ளரு ரெண்டு. 'வயதான அம்மா ஒருவர் வீட்டில் இல்லை என்று கூறி காபி கொடுத்தார்'னு எழுதியிருக்காங்களாம். வயசான அம்மாவாம், எனக்கு அம்பத்தேழுதான் ஆகுது. காபியக் குடிச்சுட்டு என்ன எழுதுறாங்க பாத்தியா?

அந்தப் போட்டோவ அவ ரொம்ப நேரம் பாத்தா. அப்புறம் என்னைப் பாத்தா. கத்தல, அழல. "ஏம்மா அப்படிச் சொன்ன?"ன்னா.

அன்னைக்கு ஆரம்பிச்சது. நாலு மாசமா அதே கேள்வி. சோறு போடுறப்ப கேப்பா. ஐஸ் தண்ணியில நின்னுக்கிட்டே கேப்பா. ஓடக் கூடாதுன்னு போன மாசம் தீர்ப்பு வந்தப்புறமும் தெனம் போயி ஓடிட்டுதான் வந்தா. ஸ்டேடியத்துல விடல. ரயில்வே கிரவுண்டுல, மண்ணுல, தடை இல்லாம, தடை இருக்குற மாதிரி தாண்டித் தாண்டி ஓடுனா. பாக்குறவன் சிரிச்சான். வந்து ஷூவக் கழட்டிக்கிட்டே கேப்பா. "ஏம்மா அப்படிச் சொன்ன?" தூக்கம் கெட்டுப் போயிருமேன்னுதான்டின்னேன். "காபி போட நேரம் இருந்துச்சு. என்னை எழுப்ப நேரம் இல்லையா?"ன்னா. எரிச்சலா வரும் பாப்பா. பெத்த தாய போலீஸு மாதிரி கேக்குறதா?

மெட்ராஸ்ல ஒரு வக்கீலம்மா. அவங்கதான் சொன்னாங்க, மேல்முறையீடு பண்ணலாம், ஒரே வழி அம்மா உண்மைய எழுதிக் குடுக்குறதுதான்னு. பொண்ணு உள்ளதான் தூங்குனா, அவளுக்கு எதுவும் தெரியாது, நாந்தான் இல்லைன்னு சொன்னேன், இன்ன காரணத்துக்காகச் சொன்னேன். நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்து. அப்படிக் குடுத்தா மூணாவது கணக்குலேருந்து போயிரும், தடையே இருக்காதுன்னு சொன்னாங்க. இன்னைக்கு அஞ்சு மணி கடைசி. தமயந்தி காலைல பேப்பர டேபிள்ல வச்சுட்டு, மத்தியானம் நோட்டரிகிட்டப் போலாம்மா, ரெடியா இருன்னுட்டு ஆபீஸுக்குப் போனா. நான் பக்கத்து வீட்டு மும்தாஜ்கிட்ட சாவியக் குடுத்துட்டு பஸ்ஸு ஏறிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்குற? நல்லதுக்குத்தான் வந்தேன்.

கிட்ட வா, சொல்றேன். முன்னாடி சீட்டு ஆளு தூங்குறாருல்ல?

மே மாசக் கடைசியில அவளுக்குத் தொடை பின்னாடி நரம்பு பிடிச்சுக்கிச்சு. வெளிய சொல்லல. ரெஜினால்ட் சாருக்குத் தெரிஞ்சா ரெஸ்ட் குடுத்துருவாரு, ரெஸ்டு எடுத்தா ஆசியப் போட்டி போச்சு. ஐஸ் தண்ணியில நின்னுக்கிட்டு உதட்டக் கடிச்சுக்கிட்டு அழுவா. எனக்குத் தாங்கல. மணப்பாற பக்கம் ஒரு வைத்தியரு. போயி ஒரு பொடி வாங்கிட்டு வந்தேன். நம்ம நாட்டு மருந்துதானே, வேர், பட்டை, அதுல என்ன இருக்கப் போவுது? அவகிட்ட சொன்னா சாப்பிட மாட்டா. சாயங்காலம் குடிக்கிற பால்ல மஞ்சளோட கலந்து குடுத்தேன். பதினோரு நாளு. வலி போயிருச்சு பாப்பா! துள்ளிக்கிட்டு ஓடுனா. பதினஞ்சு பதினஞ்சுன்னு ஓடுனான்னேனே, அது அப்பத்தான். அத மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

அந்த சனிக்கிழமை மும்தாஜு பேச்சு வாக்குல சொல்றா. அவ வீட்டுக்காரரு முட்டி வலிக்கு இப்படித்தான் ஒரு பொடி சாப்பிட்டாராம், மொகமெல்லாம் வீங்கிப் போயி டாக்டர்கிட்ட போனா, இதுல ஸ்டீராய்டு மாத்திரைய அரச்சுக் கலந்திருக்கான்னாராம். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மிச்சப் பொடிய சாக்கடையில கொட்டுனேன். மறுநாள் காலைல கோலத்த போட்டு நிமுந்தா வாசல்ல அந்தப் பொம்பளை நிக்கிறா.

நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப? உள்ள இருக்கா, எழுப்புறேன்னா? அந்த ஒண்ணுக்குல அது இருந்திருந்தா? நாலு வருஷம். நாலு வருஷம், அதோட மருந்து சாப்பிட்டவங்கிற பேரு வேற.

இருந்துச்சா இல்லையான்னு யாருக்குத் தெரியும். அந்த வைத்தியருகிட்ட போயிக் கேட்டேன். மூலிகை மட்டுந்தாம்மான்னாரு. வெறும் மூலிகையா இருந்தா... அத நெனச்சுப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல. அன்னைக்கு எழுப்பியிருந்தா டெஸ்டு குடுத்துட்டுத் திரும்பிப் படுத்திருப்பா. அவ்ளோதான் ஆகியிருக்கும்.

தூக்கம் கெடும்னு சொன்னேன்னு மட்டும் எழுதிக் குடுக்கலாமேங்கிறியா? அதையும் நெனச்சேன். சத்தியம் பண்ணணுமே. பொய்ச் சத்தியம் பண்ணா எம் புள்ளைக்குத்தான் வந்து விடியும். உண்மைய எழுதுனா பொடி வெளிய வரும். ரெண்டு வருஷத்த நாலு வருஷமாக்கவா நான் கையெழுத்துப் போடுறது? அவளுக்கு நல்லதுன்னுதான் போடல. அதுக்காகத்தான் போடல. அவ மொகத்துக்கு முன்னாடி நின்னு சொல்லணுமேன்னு இல்ல. அப்படி ஒண்ணும் இல்ல.

முருகன் இருக்காரு. அங்க போயி எல்லாத்தையும் சொல்லி உருண்டுட்டா அவரு ஒரு வழி காட்டுவாரு.

மணி என்னம்மா? அஞ்சரையா? எட்டயபுரம் தாண்டிட்டோமா? அப்ப முடிஞ்சுது. சரி. நல்லதோ கெட்டதோ முடிஞ்சுது. போனக் குடு, இப்பப் பேசுறேன். கோவமாத்தான் இருப்பா, நாலு வார்த்த திட்டுவா, திட்டட்டும்.

நாலு மணிக்கப்புறம் கூப்பிடவே இல்லையா? வாட்சாப்புல ஏதோ வந்திருக்கா? கண்ணாடி பையில அடியில கெடக்கு, நீயே படியேன். பரவால்ல, படி.

'அம்மா, கையெழுத்து வேண்டாம். அப்பீல் போடலன்னு வக்கீல் மேடம்கிட்ட சொல்லிட்டேன்.' சரி. 'ஸ்பைக்ஸ் ஷூ ரெண்டு ஜோடியையும் ஸ்டேடியத்துல குடுத்துட்டேன்.' குடுத்துட்டாளா? யாருக்கு? அவ காலு அளவு யாருக்கும் வராதே. ரெண்டு வருஷம்தானடி. இருபத்தேழும் ரெண்டும் இருபத்தொம்பது, அந்த வயசுல ஓடுறவங்க இல்லையா? படி, இன்னும் என்ன போட்டிருக்கா?

'திருச்செந்தூர் போறதா மும்தாஜ் அக்கா சொன்னாங்க. முட்டியோட உருளாத. நீ ஏன் அப்படிச் சொன்னன்னு இனிமே கேக்க மாட்டேன். பாத்து வா.'

அந்தக் கடைசிக்கு முந்துன வரிய இன்னொரு தடவ படி. இல்ல, உருளாதங்கிறது இல்ல. அதுக்கப்புறம்.

கேக்க மாட்டேன்னா?

இல்ல பாப்பா, ஒண்ணும் இல்ல. காத்து கண்ணுல அடிக்குது. இல்ல, காத்து இல்ல. அழுறேன்தான். நாலு மாசமா அவ கேக்குறப்பல்லாம், இவ எப்பத்தான் நிறுத்துவான்னு நெனச்சேன். நிறுத்திட்டா. கேட்டுக்கிட்டே இருந்தா என்னைக்காவது ஒரு நாள் வாய் தவறியாவது சொல்லியிருப்பேன். இப்ப நானா எப்படி ஆரம்பிப்பேன்? முன்ன பின்ன தெரியாத உங்கிட்ட சொல்லிட்டேன், பெத்த புள்ளைகிட்ட சொல்ல முடியல.

நீ ஒண்ணு பண்ணு. அதுல எழுது. 'கேளு'ன்னு எழுது. 'இன்னொரு தடவ கேளுடி, அம்மா சொல்றேன்'னு எழுது. அனுப்பு. போச்சா?

ஒரு டிக்குதான் விழுந்திருக்குன்னா என்ன அர்த்தம்? போய்ச் சேரலையா? போன அணைச்சு வச்சிருக்காளா? இருக்காதே. டெஸ்டுக்காரங்க எப்பக் கூப்பிடுவாங்களோன்னு ஏழு வருஷத்துல எம் பொண்ணு ஒரு நாள்கூட போன அணைச்சதே இல்ல பாப்பா.